அனார்க்காவின் முப்பது அறுவைகள்: நோயாளியின் கதையை யார் சொல்வது?

1950களில் ராபர்ட் தாம் என்ற அமெரிக்க ஓவியர் மருத்துவ வரலாற்றின் பெருமைமிகு தருணங்களை வரிசையாக வரைந்து தந்தார். வரையச் சொன்னது பார்க்-டேவிஸ் என்ற மருந்து நிறுவனம். அந்த ஓவியங்களின் பிரதிகள் அமெரிக்காவெங்கும் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் தொங்கின. அவற்றில் ஒன்று மகளிர் நோய் அறுவை வல்லுநர் ஜே. மேரியன் சிம்ஸைப் பற்றியது. கோட்டு அணிந்த சிம்ஸ் நிமிர்ந்து நிற்கிறார். கறுப்பினப் பெண் ஒருத்தி தூய உடையில் மேசைமேல் மண்டியிட்டிருக்கிறாள். பின்னால் தொங்கும் துணித் திரையை விலக்கி வேறு இரண்டு பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். யாரும் நிர்வாணமாக இல்லை. ரத்தம் இல்லை. ஓவியத்தில் நாற்றத்தைக் காட்ட முடியாதுதான். ஆனால் அந்த அறையில் நாற்றம் இருந்திருக்கும் என்ற நினைப்புக்கூட வராதபடி அவ்வளவு சுத்தமாக வரைந்திருக்கிறார் தாம்.

மேசைமேல் இருப்பவள் அடிமை. எட்டிப் பார்ப்பவர்களும் அடிமைகள்தான். லூசி, பெட்சி, அனார்க்கா என்று மூன்று பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தப் பெயர்களும் சிம்ஸ் எழுதிவைத்ததால் கிடைத்தவை. அவரிடம் அறுபட்ட மற்ற அடிமைப் பெண்களின் பெயர்கள் அவர் நூலில் இல்லை.

அவர்களுக்கு வந்திருந்த நோய் எது என்பதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். பிரசவம் இரண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டு போனால், வெளியே வர வழியில்லாத குழந்தையின் தலை தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். அழுந்திய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். பெரும்பாலும் குழந்தையும் இறந்தே பிறக்கும். சில நாளில் செத்த சதை கழன்று விழ, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்துவிடும். ஃபிஸ்துலா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதன் பிறகு சிறுநீர் கட்டுப்படாது. இரவும் பகலும் கசிந்துகொண்டே இருக்கும். தொடை புண்ணாகும். ஈரமும் வாடையும் உடம்பை விட்டு அகலா. சில பேருக்கு மலக்குடலிலும் ஓட்டை விழும். அனார்க்காவுக்கு இரண்டும் இருந்தன. இளம் வயதுப் பிரசவம், சத்துக்குறைவால் வளராத இடுப்பெலும்பு, கைதேர்ந்த உதவி கிடைக்காமை மூன்றும் சேர்ந்தால் இந்த நோய். அமெரிக்கத் தென்மாநிலத்துப் பருத்திப் பண்ணைகளில் இந்த மூன்றுக்கும் குறைவே இல்லை.

அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகரில் தொழில் நடத்திக்கொண்டிருந்த சிம்ஸ், 1845இல் அனார்க்காவின் பிரசவத்துக்கு அழைக்கப்பட்டார். அவளுக்கு அப்போது பதினேழு வயதிருக்கும். மூன்று நாள் வலி. குழந்தையை எடுத்தார், ஓட்டை விழுந்துவிட்டது. அதன்பின் பெட்சியும் லூசியும் வந்தார்கள். அதுவரை இந்த நோய்க்கு நம்பத்தக்க சிகிச்சை கிடையாது. இவர்களைத் தன் வீட்டின் பின்புறத்து மருத்துவமனையில் வைத்துக்கொள்ளச் சிம்ஸ் எஜமானர்களிடம் ஒப்பந்தம் பேசினார்: சாப்பாட்டுச் செலவு தன்னுடையது, துணிமணியும் வரியும் எஜமானர்களுடையது. 1849 வரை சோதனை நீடித்தது. முதலில் லூசி. ஒரு டஜன் மருத்துவர்களை வரவழைத்து அவர்கள் முன்னிலையில் மண்டியிட வைத்து அறுவை நடந்தது. மயக்க மருந்து இல்லை. சிறுநீர் வடிவதற்காக உள்ளே வைத்த பஞ்சு இறுகிக் கல்லாகிப்போய், ரத்தத்தில் நஞ்சேறி, லூசி சாவின் விளிம்புக்குப் போனாள். தேறி எழ இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. அனார்க்காவுக்கு நடந்தவை முப்பது அறுவைகள். முப்பதாவது முறை வெள்ளிக் கம்பியால் தைத்தபோது தையல் பிடித்தது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சிம்ஸே எழுதியிருக்கிறார். 1852இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாகவும், பிறகு தன்வரலாறாகவும் எழுதினார். அவர் 1883இல் இறந்த மறு ஆண்டு தன்வரலாறு அச்சாயிற்று. லூசியின் வேதனை கடுமையாக இருந்ததென்றும், அவள் பிழைக்க மாட்டாள் என்று நினைத்ததாகவும் அதில் ஒளிக்காமல் சொல்கிறார். படிக்கச் சுவையான புத்தகம் அது. அதுதான் சிக்கலும். தோல்விமேல் தோல்வி, உடனிருந்த மருத்துவ நண்பர்கள் ஒவ்வொருவராக விலகல், உறவினரின் எச்சரிக்கை, கடைசியில் வெள்ளிக் கம்பி, வெற்றி. ஒரு நாயகனின் கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. முப்பது என்ற எண் அந்தக் கதையில் மருத்துவரின் விடாமுயற்சியை அளக்கிறது. அதே எண் அனார்க்காவின் உடம்பில் எதை அளந்தது என்று கேட்கும் இடமே புத்தகத்தில் கிடையாது.

இந்த வெற்றியோடு 1853இல் நியூயார்க் போன சிம்ஸ் 1855இல் பெண்கள் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். ஐரோப்பிய அரச குடும்பங்கள்வரை புகழ் பரவிற்று. நம்மூர் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் இன்றும் 'சிம்ஸ் ஸ்பெகுலம்' கேட்டு வாங்கித்தான் நோயாளியைப் பரிசோதிக்கிறார்கள். அந்தக் கருவியின் முதல் வடிவம் வளைத்த ஈயக் கரண்டிக் காம்பு. அதை முதன்முதலில் நுழைத்துப் பார்த்தது பெட்சியின் உடம்பில். இதற்குமுன் எந்த மனிதனும் கண்டிராததைத் தான் கண்டுவிட்டதாகச் சிம்ஸ் பரவசப்பட்டு எழுதுகிறார். பெட்சிக்கு அந்தக் கணம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை.

சிம்ஸைப் பற்றி வழக்காடுவோர் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஹாரியட் வாஷிங்டன் போன்ற ஆய்வாளர்கள் அவரை இனவெறி மருத்துவத்தின் சின்னமாகக் காண்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஃபிஸ்துலா அறுவைகள் செய்த லூயிஸ் வால் என்ற மருத்துவர் 2006இல் எழுதிய கட்டுரையில் மறுத்தார். ஈதர் மயக்க மருந்து பாஸ்டனில் பொதுவில் காட்டப்பட்டதே 1846 அக்டோபரில்தான். சோதனைகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. இந்த நோயின் கொடுமையை அறிந்தவர்களுக்கு அந்தப் பெண்கள் சிகிச்சையை விரும்பியிருப்பார்கள் என்பது புரியும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான், ஓரளவுக்கு. ஆனால் ஈதர் வந்தபின்னும் மூன்று ஆண்டு சோதனை நடந்தது. பின்னாளில் நியூயார்க்கில் ஆற்றிய உரையொன்றில், இந்த அறுவையின் வலி மயக்க மருந்து கொடுக்கும் சிரமத்துக்குத் தகுந்த அளவு இல்லையென்று சிம்ஸ் சொன்னார். வலியை அளக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பெண்களே அறுவையை வற்புறுத்திக் கேட்டார்கள் என்றும் சிம்ஸ் எழுதுகிறார். கேட்டிருக்கலாம். இரவும் பகலும் நனைந்துகொண்டிருக்கும் ஒருத்தி எதற்கும் துணிந்திருப்பாள். ஆனால் சட்டப்படி அவள் சம்மதம் என்று ஒன்று கிடையாது, சம்மதம் எஜமானனுடையது. அவள் கேட்டதாகச் சொல்வதும் கத்தியைப் பிடித்தவரின் வாக்குமூலம். ஆவணக் காப்பகத்தை எத்தனை தடவை புரட்டினாலும் லூசியின் வாயிலிருந்து வந்த ஒரு சொல் கிடைக்காது. கலைஞர்கள் உள்ளே நுழைந்தது இந்த வெற்றிடத்தில்தான்.

எளிதில் நுழைந்துவிடவில்லை. நியூயார்க்கில் 1894இல் சிம்ஸுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அது 1934இல் சென்ட்ரல் பார்க்கின் ஓரத்துக்கு, மருத்துவ அகாதெமிக்கு எதிரே, இடம் மாறியது. பக்கத்துக் கிழக்கு ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பின, லத்தீன் மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டும் அசையவில்லை. 2017 ஆகஸ்டில் கறுப்பினப் பெண்கள் சிலர் மருத்துவமனை அங்கியணிந்து, அடிவயிற்றுக்குக் கீழே சிவப்புச் சாயம் வழிய, சிலைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அந்தப் புகைப்படம் எங்கும் பரவியது. தாம் தன் ஓவியத்தில் துடைத்து எடுத்ததை அவர்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2018 ஏப்ரல் 17 அன்று சிலை பீடத்திலிருந்து இறக்கப்பட்டது.

அதே 2017இல் டொரீன் கார்னர் என்ற சிற்பி புரூக்ளினில் நடந்த கண்காட்சியொன்றில் வேறொரு வழியில் போனார். சிம்ஸ் சிலையைச் சிலிக்கோனில், மனிதத் தோல்போல வார்த்தெடுத்து மேசைமேல் கிடத்தினார். பிறகு அவரும் மற்றக் கறுப்பினப் பெண்களும் பார்வையாளர் முன்னிலையில் ஃபிஸ்துலா அறுவையின் படிகளை அந்த உடல்மேல் நிகழ்த்தினார்கள். பழிவாங்கும் வெறி அதில் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. ஆனால் அதைப் பழிவாங்கல் என்று சொல்லிக் கடந்துவிட்டால் ஒன்று தப்பிப்போகும். சிம்ஸின் நண்பர்கள் விலகிப்போன பிறகு அறுவைக்குத் துணை நின்றவர்கள் யார்? நோயாளிகளே. ஒருத்தியை அறுக்கும்போது மற்றவள் பிடித்துக்கொண்டாள், ரத்தம் துடைத்தாள், அறுவைக்குப் பின் காவல் இருந்தாள். அடுத்த முறை இடம் மாறினார்கள். டியர்ட்ரே கூப்பர் ஓவன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2017இல் வெளியிட்ட நூலில் இதை அழுத்திச் சொல்கிறார்: அன்றைய அமெரிக்காவில் ஃபிஸ்துலா அறுவையைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களின் பட்டியல் போட்டால் இந்த அடிமைப் பெண்கள் அதில் வருவார்கள். கார்னரின் நிகழ்வில் கறுப்பினப் பெண்களின் கைகளில் அறுவைக் கருவி வந்தபோது அந்த மறைந்த உண்மைதான் மேலெழும்பியது. நோயாளி என்ற ஒற்றை வேடத்திலிருந்து அவர்கள் வெளியே வந்தார்கள்.

சார்லி இவான் சிம்ப்சன் எழுதி 2019இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'பிஹைண்ட் த ஷீட்' நாடகமும் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பெயர்களை மாற்றிவிட்டார். மருத்துவர் இல்லாதபோது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சுதான் நாடகத்தின் உயிர். பெயரை மாற்றியது நல்ல முடிவு. இது கற்பனை என்பதை அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

நேர்மை என்றதும் ஒரு நெருடல் வந்துவிடுகிறது. பேசாதவளின் வாயில் சொல்லை வைப்பது அவளுக்குக் குரல் கொடுப்பதா, அவளிடமிருந்து மௌனத்தையும் பறித்துக்கொள்வதா? சிம்ஸ் ஒரு விதமாக அவளுக்காகப் பேசினார். நாம் இன்னொரு விதமாகப் பேசுகிறோம். நம் நோக்கம் நல்லது என்பதால் மட்டும் இது வேறாகிவிடாது. பெட்டினா ஜட் என்ற கவிஞரின் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பு இந்தச் சிக்கலைக் கடந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அனார்க்கா, பெட்சி, லூசி மூவரும் அதில் வருகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றில் 1951இல் இறந்தவரும், தன் அனுமதியின்றி எடுக்கப்பட்ட உயிரணுக்கள் உலக ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கும் ஹென்ரியட்டா லாக்ஸும் வருகிறார். இவர்களோடு கவிஞர் தன் சொந்த மருத்துவமனை அனுபவத்தையும் பக்கத்தில் வைக்கிறார். மற்றவர்களின் வலிக்கு நடுவே தன் உடம்பையும் சாட்சியாக நிறுத்துகிறார். வெளியே நின்று பரிதாபப்படுபவரின் குரல் அங்கே எழவில்லை.

தானே எழுத முடிந்த நோயாளியின் கதை எப்படி இருக்கும்? ஆங்கில நாவலாசிரியர் ஹிலரி மான்டெல் 2003இல் எழுதிய தன்வரலாறு ஒரு நல்ல சான்று. அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்ளுறையைப் போன்ற திசு வெளியேயும் வளர்ந்து, மாதந்தோறும் ரத்தம் கட்டி வலிக்கும் நோய். இளம் வயதில் வலி வலி என்று போய் நின்றவருக்கு மனநோய் மருந்து எழுதிக்கொடுத்தார்கள். போட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது மருத்துவப் பாடநூலைப் புரட்டி, தனக்கு என்னவென்று அவரே கண்டுபிடித்தார். 27 வயதில் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அதோடு கதை முடிந்துவிடவில்லை. நோய் திரும்பியது, மருந்துகளால் உடல் உருமாறியது, பிறக்காத குழந்தையைப் பற்றிய நினைவு கூடவே வாழ்ந்தது. சிம்ஸின் நூலையும் இதையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு வேறுபாடு பளிச்சென்று தெரியும். மருத்துவரின் கதை குணம் என்ற முடிவை நோக்கி ஓடுகிறது. நோயாளியின் கதைக்கு அப்படி ஓர் இலக்கு இல்லை. அது நாட்களால் ஆனது.

நோயாளியின் குரல் மறைவது மருத்துவர்கள் கெட்டவர்கள் என்பதால் நேர்வதில்லை. நம் மண்ணிலேயே ஒரு கதை உண்டு. 1890களில் திண்டிவனத்தில், அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று கணவர்கள் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கல். ஆண் மருத்துவர் வேண்டாம், பெண்தான் வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன்பின் அவர் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வேலூரில் தொடங்கியதுதான் சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தக் கதை எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று கணக்கிட முடியாது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கத்தான் வேண்டும். கதவைத் தட்டியவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம் என்றெல்லாம் கதை சொல்கிறது. இறந்த பெண்களின் பெயரைச் சொல்வதில்லை. அவர்கள் ஐடாவின் மனமாற்றத்துக்கான காரணமாகவே நிலைத்துவிட்டார்கள்.

ஃபிஸ்துலா இன்றைய நோயும்கூட. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிசேரியன் வந்தபின் அது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆசியாவிலும் சகாரா பாலைக்குத் தெற்கேயும் சிகிச்சை பெறாமல் இருபது லட்சம் பெண்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். எத்தியோப்பியாவில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தம்பதி ரெஜினால்டும் கேத்தரின் ஹாம்லினும் 1974இல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை கட்டினார்கள். அங்கே வந்து சேரும் ஐந்து பெண்களைப் பின்தொடரும் 'எ வாக் டு பியூட்டிஃபுல்' என்ற ஆவணப்படம் 2007இல் வெளிவந்தது. நோயாளி தன் வாயால் பேசும் படம் அது. தாய் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் ஒதுங்கி வாழ்ந்ததைச் சொல்கிறாள் ஒருத்தி. குணமாகி வீடு திரும்புகிறவர்களுக்குப் புது உடை கொடுத்து அனுப்பும் வழக்கம் அந்த மருத்துவமனையில் உண்டு. நன்கொடை திரட்டும் பிரசுரங்கள் விரும்பும் காட்சி அதுதான்: ஒதுக்கப்பட்டவள், அறுவை, புது உடை. நன்றாகப் பார்த்தால் சிம்ஸின் கதைக்கட்டு இதற்குள்ளும் இருக்கிறது, கருணையோடு. படத்தைக் காப்பாற்றுவது, ஓட்டை அடைபட்ட பிறகும் முழுக்கக் குணமாகாத இளம்பெண்ணின் கதையை அது விட்டுவிடாமல் பின்தொடர்வதுதான். சிறுநீர்ப்பையே சுருங்கிப்போனவர்களுக்கு அறுவை முழு விடுதலை தராது. அந்த மீதி வாழ்க்கையையும் காட்டும் துணிவு பிரசுரத்துக்கு வராது, படத்துக்கு வந்திருக்கிறது.

அதே மருத்துவமனையில் பணியாற்றியவர் மமித்து காஷே. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். 1962இல் ஹாம்லின் தம்பதியிடம் நோயாளியாக வந்தவர். படுக்கை விரிக்கத் தொடங்கி, அறுவைக் கூடத்தில் கருவி எடுத்துக் கொடுக்கப் பழகி, கடைசியில் தானே அறுவை செய்யும் வல்லுநரானார். லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரி 1989இல் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. லூசியும் பெட்சியும் செய்த வேலைதான் மமித்துவும் தொடக்கத்தில் செய்தது. அவர்களுக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. மருத்துவமனைப் பின்கட்டிலிருந்த அந்தப் பெண்களின் கைத்திறன் எதுவரை போயிருக்கக்கூடும் என்பதற்கு, கற்பனைக்குத் தேவையே இல்லாமல், ஒரு வாழும் சாட்சி கிடைத்திருக்கிறது.

அனார்க்காவுக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடிப்போன ஜே. சி. ஹால்மன் 2023இல் ஒரு வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். முப்பதாவது அறுவையில் குணமாகிவிட்டாள் என்ற சிம்ஸின் கூற்றுக்குப் பிறகும் அவள் சிகிச்சையில் இருந்ததற்கான தடயங்களை அந்நூல் முன்வைக்கிறது. வெற்றியின் கதை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திக்கொண்டது என்றுதான் இதற்குப் பொருள்.

நியூயார்க்கில் காலியான பீடத்துக்கு என்ன வைப்பது என்பதிலும் சண்டை வந்தது. 2019இல் தேர்வுக் குழு ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுக்க, சிலையை இறக்கப் போராடிய கிழக்கு ஹார்லெம் மக்கள் தங்கள் விருப்பம் வேறென்று எதிர்த்தார்கள். தேர்வான சிமோன் லீ தாமே விலகிக்கொண்டார். மக்கள் விரும்பிய வின்னி பேக்வெல்லுக்குப் பணி போயிற்று. இருவருமே கறுப்பினப் பெண் சிற்பிகள். நினைவுச்சின்னம் யாருடைய ரசனைக்கு என்ற கேள்வியை இனத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியவில்லை.

மான்ட்காமரியில் நடந்தது வேறு. மிஷேல் பிரௌடர் இளம் வயதில் கலை மாணவியாக இருந்தபோது தாமின் அந்த ஓவியத்தைப் பார்த்தவர். பல்லாண்டு கழித்து, 2021 செப்டம்பரில், மூன்று பெண்களின் சிற்பங்களைத் தன் ஊரில் நிறுவினார். உயரமானது 15 அடி. பழைய இரும்பையும் கைவிடப்பட்ட உலோகத் துண்டுகளையும் அறுவைக் கருவிகளையும் பற்றவைத்துச் செய்தவை. அனார்க்காவின் வயிறு இருக்க வேண்டிய இடம் வெற்றாக விடப்பட்டிருக்கிறது. தாம் மூடிவைத்த உடம்பைப் பிரௌடர் திறந்தும் காட்டவில்லை, மூடவும் இல்லை. அங்கே இருந்தது எடுக்கப்பட்டது என்பதை மட்டும் தெரியவைத்தார். அதே நகரில், அலபாமா தலைமைச் செயலக வளாகத்தில், 1939இல் வைத்த சிம்ஸ் சிலை இன்னும் நிற்கிறது. பிரௌடர் சிற்பத்தோடு நிற்கவில்லை. சிம்ஸின் மருத்துவமனை இருந்த இடத்திலுள்ள கட்டடத்தை வாங்கி, அருங்காட்சியகத்தோடு மருத்துவச்சிப் பயிற்சியும் கருவுற்ற பெண்களுக்கான சிகிச்சையும் அங்கே நடத்தும் திட்டத்தில் இறங்கினார்.